சேப்பங்கிழங்கின் தோல்

ஈரமான எரிமலை மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து உருட்டினால் கொழுக்கட்டை மாவு போல அழகாக உருண்டு நிற்கும். அதையே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தித் தேய்த்தால் இறுக்கம் சட்டென்று குலைந்து சோப்பு மாதிரி வழுக்கும். விரலோரத்தில் நீர் துளிர்க்கும். சேறாக இல்லாத மண்ணுக்குள் இவ்வளவு நீர் எங்கே இருந்தது? கருப்பாக, இலேசாக, தொட்டால் மெத்தென்று இருக்கும் இந்த மண்ணுக்கு மண்ணியலார் வைத்த பெயர் ஆண்டோசோல். ஜப்பானிய மொழியில் 'ஆன்' என்றால் கருமை, 'தோ' என்றால் மண். நம் கரிசலும் கருப்புதான், ஆனால் இரண்டுக்கும் உறவில்லை. கரிசலின் களித்துகள் சீட்டுக்கட்டு போலத் தகடு தகடாக அடுக்கியிருக்கும். ஆண்டோசோலின் களியான அலோஃபேன், உள்ளே பொள்ளலான குட்டி உருண்டை. ஓர் உருண்டையின் குறுக்களவு அதிகம் போனால் 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் இரண்டு லட்சம் உருண்டைகளை வரிசையாக நிறுத்திவிடலாம்.

இந்த உருண்டைகள் ஒட்டித் திரளாகின்றன. திரள்கள் கூடிப் பெருந்திரளாகின்றன. பொரியைப் பாகில் பிடித்து உருண்டை செய்து, அந்த உருண்டைகளைக் கூடையில் குவித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். பொரிக்குள் வெற்றிடம், பொரிகளுக்கு நடுவே சந்து, உருண்டைகளுக்கு நடுவே அதைவிடப் பெரிய சந்து. எவ்வளவு நெருங்கிப் போய்ப் பார்த்தாலும் அதே அமைப்புதான் திரும்பத் திரும்ப வரும். விரலில் துளிர்த்தது அந்தச் சந்துகளில் ஒளிந்திருந்த நீர். அதே சந்துகளில் நீரோடு இன்னொன்றும் அடைபட்டுக் கிடக்கும் ஓர் ஊர் இருக்கிறது.

குவாடலூப், ஆட்சியால் பிரான்சின் பகுதி. இருப்பதோ கரீபியன் கடலில். அதன் மேற்குத் தீவான பாஸ்-தேரின் தெற்கில் லா சூஃப்ரியேர் எரிமலை 1,467 மீட்டர் உயரத்தில் இன்னும் ஆவி விட்டுக்கொண்டு நிற்கிறது. அடிவாரத்தில் காப்பெஸ்டேர்-பெல்-ஓ என்ற ஊர். சுற்றிலும் வாழைத்தோட்டம். அந்த ஊரில் ஷாங்கி என்னுமிடத்தில் வண்ணச் சுதைச் சிற்பங்களோடு ஒரு கோயில் இருக்கிறது. 1854 டிசம்பர் 24 அன்று 'ஒரேலி' என்ற கப்பல் இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளைக் குவாடலூப்பில் கொண்டுவந்து இறக்கியது. அதற்கடுத்த சில பத்தாண்டுகளில் பாண்டிச்சேரி, காரைக்கால், கல்கத்தா துறைகளிலிருந்து ஏறத்தாழ 40,000 பேர் அங்கே கரும்பு வெட்டப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் வாயில் இன்று தமிழ் இல்லை. மாரியம்மன் மட்டும் 'மாலியெமென்' ஆகி அங்கேயே தங்கிவிட்டாள். மஞ்சளும் மல்லியும் சேர்ந்த 'கொலம்போ' தீவு முழுக்க எல்லார் அடுப்பிலும் கொதிக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் கரும்பு நின்ற பல சரிவுகளில் வாழை ஏறியது. வாழை போகும் இடமெல்லாம் போகும் வண்டு ஒன்றும் ஏறியது.

வாழைக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டை நம் வாழை விவசாயிகளும் அறிவார்கள். வண்டு அடித்தண்டில் முட்டையிடும். புழு பொரிந்து கிழங்குக்குள் சுரங்கம் தோண்டிக்கொண்டே போகும். வெளியே பார்த்தால் மரம் தழைத்து நிற்கும். ஒரு காற்றடித்தால் வேரோடு சாய்ந்துவிடும். புயல்கள் வந்து போகும் தீவில் இது சின்ன விஷயமில்லை. அதற்காக 1972-ல் வந்த மருந்து குளோர்டிகோன். 5 சதவீதம் மருந்து கலந்த பொடி, மரத்துக்கு 30 கிராம், அடித்தண்டைச் சுற்றிக் கையால் தூவினார்கள். ஹெக்டேருக்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று கிலோ நஞ்சு.

அந்த மூலக்கூறு பார்க்க ஒரு கூண்டு. பத்துக் கார்பன் அணுக்கள் கூண்டின் கம்பிகளாக நிற்க, அவற்றைச் சுற்றிப் பத்துக் குளோரின், ஓர் ஆக்சிஜன். ஹைட்ரஜன் ஒன்றுகூட இல்லை. கரிமப் பொருளைத் தின்னும் நுண்ணுயிரிகள் பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் சேரும் இடத்தில்தான் முதல் கடி கடிக்கும். இதில் கடிக்க இடமே கிடையாது. ஆக்சிஜன் இல்லாத சூழலில் சில பாக்டீரியாக்கள் இந்தக் கூண்டைத் திறப்பதை ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். ஆனால் காற்றோட்டமான மலைச்சரிவு மண் அவற்றுக்கு ஏற்ற இடமன்று.

இதன் கொடுமை தெரியாமல் தூவினார்கள் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஹோப்வெல் என்ற ஊரில் கெப்போன் என்ற பெயரில் இதே பொருளைத் தயாரித்த ஆலைத் தொழிலாளர்களுக்குக் கைகால் நடுக்கம் கண்டு, 1975-ல் ஆலையே மூடப்பட்டது. பக்கத்து ஜேம்ஸ் ஆற்றில் மீன்பிடிக்கத் தடை வந்து பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்தது. அதன் பிறகும், 1979-லும் 1980-லும் அடித்த புயல்களால் வண்டு பெருகியது என்ற காரணத்தோடு, 1981-ல் பிரான்ஸ் இதே மருந்துக்குப் புதுப் பெயரில் அனுமதி தந்தது. 1990-ல் அனுமதி ரத்தானது. தீவுகளுக்கு மட்டும் விலக்களித்து 1993 வரை தூவவிட்டார்கள். குவாடலூப்பிலும் பக்கத்து மார்த்தினிக்கிலும் சேர்ந்து ஏறத்தாழ 300 டன். மூலநாட்டில் ஆகாதது தீவுக்கு ஆகலாம் என்று முடிவெடுத்த அந்த மூன்று ஆண்டுகளை என்னால் ஆறிய மனத்தோடு எழுத முடியவில்லை. இன்று அந்த இரண்டு தீவுகளிலும் பெரியவர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் இரத்தத்தில் குளோர்டிகோன் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களுக்கு வரும் புரஸ்தகோளப் புற்றுநோயைத் தொழில்சார் நோயாக ஏற்றுக்கொள்ள 2021 டிசம்பர் ஆயிற்று. 2023 ஜனவரியில் பாரிஸ் நீதிபதிகள் இந்த மருந்து தொடர்பான குற்ற வழக்கை விசாரணைக்கு அனுப்பாமலே முடித்துவைத்தார்கள்.

மண்ணுக்கு வருவோம். 1999 வாக்கில் குடிநீரில் குளோர்டிகோன் இருப்பது வெளிப்பட்டு, நீர்நிலையங்களில் கரி வடிகட்டிகள் வைக்கப்பட்டன. அதோடு வயல்களிலும் தேடத் தொடங்கினார்கள். வாழைப்பழத்தில் நஞ்சு இல்லை. அது அவ்வளவு தூரம் தண்டேறிப் போவதில்லை. கத்தரி, தக்காளி, பீன்ஸ், எலுமிச்சை எல்லாம் தப்பித்துவிட்டன. வெள்ளரியும் பூசணியும் இடைப்பட்டவை. மண்ணுக்குள்ளேயே உடம்பை வளர்க்கும் கிழங்குகள்தான் சிக்கிக்கொண்டன: சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி, வள்ளிக்கிழங்கு. அந்தத் தீவு ஏழைகளின் அன்றாடச் சோறு இவைதான்.

இங்கேதான் ஆய்வாளர்கள் ஒரு முரணில் மோதினார்கள். எரிமலைக்கு அருகில் உள்ள ஆண்டோசோலில்தான் நஞ்சு மிக அதிகம். சற்றுத் தள்ளி, பழைய எரிமலைப் படிவத்தில் உருவான நிட்டிசோல் என்ற செம்மண்ணில் அதைவிடக் குறைவு. அப்படியென்றால் ஆண்டோசோலில் விளைந்த கிழங்கும் அதன் வழியே இறங்கும் நீரும்தான் அதிகமாகக் கெட்டிருக்க வேண்டும். அளந்து பார்த்தபோது கதை வேறாக இருந்தது. மண்ணில் ஒரே அளவு நஞ்சு இருந்தாலும், செடிக்கும் நீருக்கும் அதை ஆண்டோசோல் விட்டுக்கொடுப்பது நிட்டிசோல் விட்டுக்கொடுப்பதைவிட மிகக் குறைவு. இவ்-மாரி காபிதோஷும் அவரோடு இருந்தவர்களும் 2009-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மழைநீர் கழுவிக்கொண்டு போவது ஒன்றே நஞ்சு குறையும் வழி என்று வைத்துக்கொண்டால், நிட்டிசோல் சுத்தமாகப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆண்டோசோலுக்குப் பல நூற்றாண்டுகள். முதலில் படிக்கும்போது ஆண்டோசோல் சபிக்கப்பட்ட மண் என்று தோன்றும். அதே எண்ணைத் திருப்பிப் படித்தால், அந்த மண் நஞ்சை அவ்வளவு இறுகப் பிடித்துவைத்திருக்கிறது.

பிடிப்பது எது? இரண்டு கைகள். ஒன்றைச் சமையலறையிலேயே பார்க்கலாம். காய்ந்த மிளகாயைக் கிள்ளித் தண்ணீரில் போட்டால் நிறம் இறங்காது. எண்ணெயில் போட்டால் எண்ணெய் சிவந்துவிடும். குழம்பு கொதித்து அடங்கியதும் மேலே மிதக்கும் எண்ணெய் ஏடுதான் அடர்சிவப்பாக இருக்கும், அடியில் நீர் வெளிறியிருக்கும். குளோர்டிகோனும் மிளகாய் நிறத்தின் கட்சி. நீருக்குள் இருக்கப் பிடிக்காமல், கொழுப்பு போன்ற எதைக் கண்டாலும் போய் ஒட்டிக்கொள்ளும். மண்ணில் அப்படிப்பட்ட இடம் மட்கு. இலைதழை, வேர், சாணம் எல்லாம் மட்கி மட்கிக் கடைசியில் மிஞ்சும் கரும்பொருள். ஆண்டோசோலில் மட்கு ஏராளம், அதனால்தான் அது கருப்பு. இரண்டாவது கை, அந்தப் பொரி உருண்டைச் சந்துகள். உள்ளே போன மூலக்கூறு வெளியே வர எண்ணற்ற முடுக்குகளில் வளைந்து வளைந்து வர வேண்டும். நீரே அங்கே தயங்கித்தான் நகரும்.

சரி, மட்கு பிடிக்கிறது என்றால் இன்னும் கொஞ்சம் மட்கைப் போட்டால் என்ன? தியெரி வோஞியேயும் அவருடைய குழுவினரும் இதைத்தான் கேட்டார்கள். நஞ்சேறிய ஆண்டோசோலில் மக்கு உரம் கலந்து, முள்ளங்கியும் வெள்ளரியும் லெட்டூஸ் கீரையும் வளர்த்தார்கள். 2013-ல் வெளியான முடிவு இது: உரம் கலந்து இரண்டே மாதத்தில், மண்ணிலிருந்து செடிக்குப் போகும் குளோர்டிகோன் பயிரைப் பொறுத்து 1.9 மடங்கிலிருந்து 15 மடங்கு வரை குறைந்திருந்தது. மண்ணில் இருந்த நஞ்சு குறையவில்லை. செடிக்குக் கிடைப்பது மட்டும் குறைந்தது.

எனக்கு வியப்பாக இருந்தது அதற்கு அவர்கள் காட்டிய காரணம். உரம் நஞ்சை ஒட்டிக்கொண்டது மட்டுமே என்றால் நாம் எதிர்பார்த்ததுதான். அவர்கள் மண்ணின் நுண்ணமைப்பையும் பார்த்தார்கள். அலோஃபேன் திரள்களே மாறியிருந்தன. சந்துகள் நெருங்கி, உள்ளறைகளுக்குப் போகும் வழிகள் இறுகியிருந்தன. மழைக்காலத்தில் டப்பாவை மூட மறந்தால் பொரி உருண்டை நமுத்துச் சுருங்கி, பொரிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும் இல்லையா, ஏறக்குறைய அப்படி. நஞ்சு உள்ளறையில் இருக்கும்போதே எரு வந்து கதவைச் சாத்திவிட்டது. மட்கிய எரு நானோமீட்டர் அளவில் ஓர் எரிமலைக் களியின் வடிவத்தை மாற்றும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

எருவை நான் இப்படிப் புகழ்வதைப் பார்த்து, எந்த வயலிலும் எந்தக் கழிவைக் கொட்டினாலும் நஞ்சு அடங்கிவிடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. எண்ணெய் தேய்த்த தலையில் வெறும் நீரை எவ்வளவு ஊற்றினாலும் எண்ணெய் போகாது. சீயக்காய் தேய்த்தால் போய்விடும். சீயக்காயின் நுரைக்கும் பொருள் ஒரு கையால் எண்ணெயையும் மறுகையால் நீரையும் பிடித்துக்கொள்கிறது. நீர் ஓடும்போது எண்ணெயும் கூடவே ஓடுகிறது. மட்காத புதுச் சாணம், கோழி எச்சம், சாக்கடைக் கசடு, ஆலைக் கழிவுநீர் ஆகியவற்றில் நீரில் கரையும் கரிமப்பொருள் நிறைய உண்டு. பழுப்பு நிறத்தில் வடியும் அந்தச் சாறு மண்ணில் சீயக்காயின் வேலையைச் செய்யக்கூடும். நீருக்கு ஒத்துவராத பூச்சிக்கொல்லியைத் தோளில் தூக்கிக்கொண்டு கீழே நிலத்தடி நீர்வரை இறங்கும். வேறொரு வேலையும் செய்யும். களித்துகள்மேல் பூச்சிக்கொல்லி உட்கார வேண்டிய இடங்களில் இந்தக் கரைபொருள் முந்திக்கொண்டு துண்டு போட்டுவிடும். இடம் கிடைக்காத மருந்து நீரோடு போக வேண்டியதுதான்.

ஸ்பெயின் நாட்டு ஆலிவ் தோப்புகளில் இந்த இரண்டு முகங்களையும் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறார்கள். அங்கே 1990-களின் தொடக்கத்தில் எண்ணெய் எடுக்கும் முறை மாறியது. கழிவுநீரைக் குறைக்கும் புதிய முறையில் 100 கிலோ காய்க்கு 80 கிலோ அளவுக்கு ஈரப் பிண்ணாக்கு மிஞ்சியது. 'அல்பெருஹோ' என்று அதற்குப் பெயர். மலை மலையாகக் குவிந்த அதைத் தோப்பிலேயே பரப்பலாமா என்ற கேள்வி வந்தது. அதே தோப்புகளில் சிமாசின் போன்ற களைக்கொல்லிகள் தெளிக்கப்பட்டன. செவில் நகர ஆய்வாளர்கள் மண்ணைக் குழாய்களில் நிரப்பி, மேலே கழிவைக் கலந்து, களைக்கொல்லி விட்டு, நீர் ஊற்றி அடியில் வடிவதை அளந்தார்கள். பெரும்பாலும் கழிவு சேர்ந்த மண் மருந்தைப் பிடித்துக்கொண்டது, கீழே வடிந்தது குறைந்தது. அதே சமயம் மருந்து சிதையவும் அதிக நாளானது. மட்கோடு ஒட்டிய மருந்து நுண்ணுயிரிகளுக்கும் எட்டுவதில்லை அல்லவா. கழிவு எந்த அளவுக்கு மட்கியது என்பதும் முடிவை மாற்றியது. பச்சைக் கழிவில் கரைபொருள் அதிகம். மட்கி ஆறிய கழிவில் அது குறைந்து, பிடித்துவைக்கும் கரும்பொருள் கூடியிருக்கும். எருக்குழியில் ஒரு வருஷமாவது கிடக்கட்டும் என்று நம் பெரியவர்கள் பச்சைச் சாணத்தை வயலில் போடவிடாமல் தடுத்தது வேர் வெந்துவிடும் என்பதற்காக. அந்தக் காத்திருப்புக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

மண்புழுவையும் மறந்துவிடக் கூடாது. எருப் போட்ட வயலில் புழு பெருகும், வளை தோண்டும். அந்த வளை வழியாகக் கனமழை நீர், மண்ணின் பிடிக்குள் சிக்காமல், நேரே அடிமண்ணுக்கு இறங்கிவிடும். மட்கு மேலே கையை நீட்டிக்கொண்டு காத்திருக்க, நஞ்சு பக்கத்துக் கிணற்றுப்படி வழியாக இறங்கிப் போன மாதிரி.

பிடித்துவைப்பதால் சிதையாமலே போகும் என்பதும் எல்லா நஞ்சுக்கும் பொருந்தாது. சுவீடனில் 1993-ல் விவசாயிகள் மருந்து கலக்கும் இடத்தில் ஒரு குழி வெட்டத் தொடங்கினார்கள். பாதி வைக்கோல், கால்பங்கு கரிமச் சதுப்பு மண், கால்பங்கு வயல்மண். தெளிப்பானில் ஊற்றும்போது சிந்துவதும் கழுவுவதும் இந்தக் குழியில் விழும். மட்கு அதைப் பிடித்து நிறுத்தும். வைக்கோலின் கட்டைப்பொருளைத் தின்ன வரும் பூஞ்சைகள், அதே நொதிகளால் மருந்தையும் நறுக்கும். பிடித்துவைத்தால் தின்பவனுக்கு நேரம் கிடைக்கிறது. இன்றைய பெரும்பாலான மருந்துகளுக்கு அப்படித் தின்பவர் உண்டு. குளோர்டிகோனுக்கு நம்பத் தகுந்த ஆள் இன்னும் வரவில்லை.

அதனால் காப்பெஸ்டேர் தோட்டங்களில் எரு செய்யும் வேலை காவல் வேலை. அந்தக் காவலும் நிரந்தரமில்லை. வெப்பமும் மழையும் உள்ள தீவில் எரு விரைவாகக் கரைந்துபோகும். திரும்பத் திரும்பப் போட வேண்டும். எதைப் போடுவது என்பதிலும் சிக்கல். 2011 முதல் கரையில் டன் கணக்கில் வந்து ஒதுங்கும் சர்காசம் கடற்பாசியை உரமாக்கலாம் என்றால் அதில் ஆர்சனிக் இருக்கிறது. ஒரு நஞ்சை அடைக்க இன்னொன்றை வயலுக்குக் கொண்டுவர முடியுமா? மண்ணே இடம்பெயர்ந்தால் காவலும் கூடவே போய்விடும் என்பதையும் அந்தத் தீவுகள் கண்டுவிட்டன. கடலடிச் சேற்றைக் குழாய்குழாயாக எடுத்து ஆண்டு வரிசையில் படித்த ஓர் ஆய்வு 2021-ல் வெளியானது. குளோர்டிகோன் தூவுவது நின்ற பிறகு, 1990-களின் கடைசியில்தான் கடலுக்குள் அது வந்து சேர்வது திடீரென்று கூடியிருக்கிறது. அந்தக் காலத்தில் கிளைபோசேட் களைக்கொல்லி பரவலாகப் புழங்கத் தொடங்கியிருந்தது. களை செத்ததும் வெறுமையான மண்ணை மழை அரித்தது. நஞ்சு தன்னைப் பிடித்திருந்த மண்ணோடு சேர்ந்தே கடலுக்குப் போனது. இறாலும் மீனும் அங்கே இருந்தன.

இப்போது அந்தத் தீவுகளில் வீட்டுத்தோட்டம் போடுபவர்களுக்கு மண்ணை இலவசமாகப் பரிசோதித்துத் தருகிறார்கள். முடிவுத்தாளைப் பார்த்துப் பயிரைத் தேர்ந்துகொள்ளலாம்: நஞ்சு மிகுந்த இடத்தில் தக்காளி, கத்தரி, பலவகைப் பழமரங்கள்; மிகக் குறைவான இடத்தில் மட்டும் கிழங்கு. கிழங்கு சமைப்பவர்களுக்கு இன்னொரு அறிவுரையும் உண்டு. நஞ்சு அதிகமாகச் சேர்வது மண்ணை ஒட்டியிருக்கும் தோலில் என்பதால், நன்றாகக் கழுவி, தோலைத் தடிமனாகச் சீவச் சொல்கிறார்கள். சேப்பங்கிழங்குக்கு அங்கே 'மதேர்' என்று பெயர். ஒரு வீட்டில் ஓர் அம்மாள் கொலம்போவுக்கு அதைச் சீவுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கத்தி ஆழமாக இறங்குகிறது. வெள்ளைச் சதையும் சேர்ந்து பட்டை பட்டையாகத் தட்டில் விழுகிறது. சீவி முடித்து அவள் தட்டோடு கொல்லைப்பக்கம் போகிறாள். சமையலறைத் தோலெல்லாம் எப்போதும் போய் விழும் எருக்குழி அங்கேதான் இருக்கிறது.